ஜாங்கோ எங்கே போனார்? – கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்கா,

போன மாதம் நீங்கள் எழுதிய ஒரு குறிப்பில் ஜாஸ் கிட்டார் கலைஞர் ஜாங்கோ ரைன்ஹார்ட்டின் பெயர் ஒரு வரியில் வந்துபோனது. அதைப் பிடித்துக்கொண்டு தேடிக் கேட்க ஆரம்பித்தேன். 1937-இல் பதிவான 'மைனர் ஸ்விங்' என்னை அப்படியே உட்காரவைத்துவிட்டது. நான் நாலு வருடமாக கிட்டார் பழகுகிறவன். நாலு விரலும் நன்றாக இருக்கிற எனக்கு வராத ஓட்டம் அது. அதே ஜோரில் அவருடைய எல்லாப் பதிவுகளையும் வருட வரிசைப்படி கேட்கத் தொடங்கினேன். 1939 வரை ஒரே கொண்டாட்டம். அப்புறம் வயலின் போய் கிளாரினெட் வருகிறது, டிரம்ஸ் வருகிறது, 1947 வாக்கில் எலெக்ட்ரிக் கிட்டார் வருகிறது. வேறு யாரோ வாசிப்பதுபோல இருக்கிறது. அமெரிக்கா போய்வந்த பிறகு, அங்கே அப்போது வந்திருந்த புது ஜாஸான பீபாப்பைப் பார்த்து மிரண்டு தன் பாணியை விட்டுவிட்டார் என்று சிலர் சொல்கிறார்கள். ஒரு ஜிப்ஸி கலைஞன் தன் வேரை விட்டதால் வந்த வீழ்ச்சி என்றுகூடப் படித்தேன். உங்களுக்கும் அப்படித் தோன்றுகிறதா? அந்தப் பிற்காலப் பதிவுகளை எப்படித்தான் கேட்பது?

அன்புடன்,
கே., திருச்சி

அன்புள்ள கே.,

எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவருடைய பதிவுகளில் எதையாவது ஒன்றை மட்டும் வைத்துக்கொள் என்றால் நான் 1953-ஐத்தான் எடுப்பேன். ஆனால் உங்களுக்கு ஏன் அப்படித் தோன்றியது என்பதும் எனக்குப் புரிகிறது, அதைத் தப்பு என்று சொல்லவும் மாட்டேன். வரிசையாகக் கேட்டதுதான் விஷயம்.

நான் ஜாங்கோவை வரிசையாகக் கேட்கவில்லை. தொண்ணூறுகளில் ஒரு தோழி பதிவுசெய்து கொடுத்த கேசட்டில்தான் கேட்டேன். அட்டையில் 'ஜாங்கோ' என்று நீலப் பேனாவில் எழுதியிருந்தது, அவ்வளவுதான். வருடம் இல்லை, பாட்டின் பெயர் இல்லை. அவளுக்குக் கிடைத்த தட்டுகளிலிருந்து கைக்கு வந்தபடி ஏற்றியிருந்தாள். வயலினும் கிட்டாருமாகத் துள்ளுகிற ஒரு பாட்டு முடியும், உடனே யாரோ ஒருவர் எலெக்ட்ரிக் கிட்டாரில், பின்னால் பியானோவோடு, ராத்திரி பத்து மணிக்குமேல் பேசுகிற குரலில் வாசிப்பார். மறுபடி வயலின். இரண்டு பேருடைய பதிவுகளைக் கலந்து கொடுத்துவிட்டாள் என்றுதான் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். அப்புறம் ஒருநாள் பாத்திரம் தேய்த்துக்கொண்டே கேட்கும்போது பிடிபட்டது. ஒரு ஓட்டம் கீழிருந்து கிளம்பி மேலே ஏறி, உச்சியில் ஒற்றைச் சுரத்தில் நின்று, அந்தச் சுரத்தை விரலால் நடுக்கி, கிட்டத்தட்ட அழவைத்துவிட்டு இறங்கும். துள்ளல் பாட்டிலும் அது இருந்தது, ராத்திரிக் குரலிலும் அது இருந்தது. அதே நடுக்கம், அதே ஆள். கையில் சோப்போடு போய் ரீவைண்ட் பண்ணிக் கேட்டேன்.

அந்த நடுக்கத்தின் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும், நாலு விரல் என்று எழுதியிருக்கிறீர்களே. 1928-இல், பதினெட்டு வயதில், பாரிஸ் ஓரத்தில் அவர் குடியிருந்த வண்டி வீட்டில் தீப்பிடித்தது. மனைவி விற்பதற்காகச் செய்து குவித்திருந்த செல்லுலாய்ட் பூக்கள் பற்றிக்கொண்டன. காலும் இடது கையும் வெந்துபோயின. மோதிர விரலும் சுண்டு விரலும் மடங்கியவாறே நின்றுவிட்டன. அதற்குமுன் அவர் பாஞ்சோ வாசிக்கிறவர். அந்த வருடமே அக்கார்டியன் வித்துவான் ஒருவருக்குப் பின்னால் சில தட்டுகளில் வாசித்திருக்கிறார், தட்டின்மேல் பெயரைக்கூடச் சரியாகப் போடவில்லை. ஆஸ்பத்திரியில் தம்பி ஜோசஃப் கொண்டுவந்து கொடுத்த கிட்டாரில்தான் மிச்சமிருந்த விரல்களைப் பழக்கினார்.

போருக்கு முன் எடுத்த ஒரு சின்னப் படம் இருக்கிறது, தேடிப் பாருங்கள், ஒலியோடு சேர்ந்து அவர் கையைப் பார்க்க முடிகிற அபூர்வமான துண்டு. ஆள்காட்டி விரலும் நடுவிரலும்தான் ஓடுகின்றன. நாமெல்லாம் ஒரே இடத்தில் கையை வைத்துக்கொண்டு தந்திக்குத் தந்தி குறுக்கே தாண்டுவோம். இரண்டே விரலால் அது முடியாது. அதனால் அவர் கழுத்தின் நீளவாக்கில் மேலும் கீழும் பாய்கிறார். மடங்கிய விரல்களைத் தூக்கிப்போடவும் இல்லை, கார்ட் பிடிக்கும்போது, அதாவது பல சுரங்களைச் சேர்த்து ஒலிக்கும்போது, மேல் சுரங்களின் தந்திகளில் அவற்றையும் அழுத்தி வேலை வாங்குகிறார். நீங்கள் கிட்டாரை எடுத்து இரண்டு விரலால் மட்டும் 'மைனர் ஸ்விங்' முதல் வட்டத்தை வாசித்துப் பாருங்கள். வேகத்துக்காகச் சொல்லவில்லை, எந்தச் சுரத்திலிருந்து எந்தச் சுரத்துக்குப் போக ஆசை வருகிறது என்று பார்க்கச் சொல்கிறேன். அவருடைய வாக்கியங்களின் வளைவு அங்கேதான் பிறக்கிறது. அந்தக் கை 1934-லும் அதே கைதான், 1953-லும் அதே கைதான்.

சரி, அப்படியானால் என்ன மாறியது? முதலில் சுற்றியிருந்த சத்தம் மாறியது.

1934-இல் பாரிஸில் அமைந்த அந்தக் குழுவில், ஹாட் கிளப் குவிண்டெட்டில், டிரம்ஸ் கிடையாது, பித்தளை வாத்தியம் கிடையாது, பியானோ கிடையாது. ஸ்டெஃபான் கிராப்பெல்லியின் வயலின், ஜாங்கோவின் கிட்டார், பின்னால் ரிதமுக்கென்றே இன்னும் இரண்டு கிட்டார், அதில் ஒன்று தம்பி ஜோசஃப், அப்புறம் லூயி வோலாவின் பாஸ். அமெரிக்காவில் ஜாஸ் என்றால் டிரம்பெட்டும் சாக்ஸபோனும் டிரம்ஸும் என்றிருந்த காலத்தில் இது வெறும் தந்திகளால் ஆன குழு. ரிதம் கிட்டார்கள் அடிக்கிற 'லா போம்ப்' என்கிற அந்த அடி இருக்கிறதே, தாளத்தைத் தந்தியிலேயே வெட்டி வெட்டிக் கொடுப்பது, அதுதான் அந்தக் குழுவின் டிரம்ஸ். அந்த வருடம் டிசம்பரில் முதல் தட்டுகள் வந்தன. அதற்குமுன் ஒரு கம்பெனி சோதனைப் பதிவைக் கேட்டுவிட்டு ரொம்ப நவீனமாக இருக்கிறது என்று ஒதுக்கிவிட்டது. இதைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இன்றைக்கு நமக்குப் பழைய பாரிஸின் வாசனையாகப் படுகிற அந்தச் சத்தம், வந்தபோது மிகப் புதிய சத்தமாக இருந்தது.

1939-க்குப் பிறகு நீங்கள் இழந்ததாக உணர்வது பெரும்பாலும் அந்த அடியையும் வயலினையும்தான் என்று நினைக்கிறேன். நியாயமான இழப்பு, எனக்கும் அது உண்டு. ஆனால் அதை ஜாங்கோவின் கணக்கில் எழுதக்கூடாது. செப்டம்பர் 1939-இல் போர் தொடங்கியபோது குழு லண்டனில் இருந்தது. கிராப்பெல்லி அங்கேயே தங்கிவிட்டார், ஜாங்கோ பாரிஸ் திரும்பிவிட்டார். ஆறு வருடங்களுக்கு மேல் இருவரும் சேர்ந்து வாசிக்க வழியில்லாமல் போயிற்று. அடுத்த வருடம் பாரிஸ் ஜெர்மானியர் கையில். நாஜிகள் ஐரோப்பா முழுக்க, ஜிப்ஸிகள் என்று வெளியார் அழைக்கிற ரோமா மக்களைப் பிடித்து அடைத்தார்கள், லட்சக்கணக்கில் கொன்றார்கள். பிரான்சுக்குள்ளேயே அவர்களுக்கு முகாம்கள் இருந்தன. அந்த இனத்தில் பிறந்தவர் ஒருவர், அமெரிக்கக் கறுப்பர்களிடமிருந்து வந்த இசையை, அதே நகரத்தில் மேடையேறி வாசித்துக்கொண்டிருந்தார். 1943-இல் ஸ்விட்சர்லாந்துக்குத் தப்பப் பார்த்தார், எல்லையில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். பாணியை மாற்றிக்கொண்டார் என்று நாம் சாதாரணமாகச் சொல்கிற அந்த வருடங்கள் இவைதான்.

வயலின் இருந்த இடத்தில் அவர் இன்னொரு வயலினை வைக்கவில்லை. யூபேர் ரோஸ்தாங் என்ற இளைஞரின் கிளாரினெட்டை வைத்தார், டிரம்ஸுக்கு பியேர் ஃபூவாத் வந்தார். அந்தக் குழுவில் பிறந்ததுதான் 'நுவாஜ்', மேகங்கள் என்று அர்த்தம். இந்த ஒரு பாட்டில் நான் கொஞ்சம் நிற்கப்போகிறேன், ஏனென்றால் உங்கள் கேள்விக்கு என்னிடம் இருக்கிற பதில் முழுக்க இதற்குள்தான் இருக்கிறது.

1940 அக்டோபரில் அதை முதலில் பதிவு செய்தார்கள். அவருக்குத் திருப்தியில்லை. டிசம்பர் 13 அன்று இரண்டு கிளாரினெட்டுகளோடு மறுபடி பதிவு செய்தார். இந்த இரண்டாவதைக் கேளுங்கள். தொடக்கத்தில் கிளாரினெட்டுகள் கொஞ்சம் சங்கடமான, எங்கே போகிறோம் என்று தெரியாத ஒரு நுழைவைத் தருகின்றன. அப்புறம் கிட்டார் மெட்டை எடுக்கிறது. அரைச் சுரம் அரைச் சுரமாகச் சரிந்து இறங்குகிற மெட்டு. தன் முறை வரும்போது ஜாங்கோ ஓட்டத்தோடு தொடங்குவதில்லை. தந்தியை அழுத்தாமல் தொட்டும் தொடாமலும் எழுப்புகிற மணியோசைகளோடு தொடங்குகிறார். 1937-இல் அதே இடத்தில் பத்து சுரங்களை இறைத்திருப்பார். இங்கே மூன்று நிமிடத் தட்டில், ஒவ்வொரு நொடியும் எண்ணப்படுகிற இடத்தில், காத்திருக்கிறார். அந்தப் பாட்டு ஆக்கிரமிப்பில் இருந்த பாரிஸ் முழுக்கப் பரவியது. வார்த்தையில்லாத ஒரு மெட்டுக்கு ஏன் அப்படிப் போய் ஒட்டிக்கொண்டார்கள் என்று விளக்கத் தேவையில்லை, கேட்டாலே தெரியும்.

போர் முடிந்து 1946 ஜனவரி, பிப்ரவரியில் லண்டனில் கிராப்பெல்லியோடு மறுபடி சேர்ந்தபோது அதே 'நுவாஜ்'ஐ வயலினோடு வாசித்தார்கள். அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் எனக்கு அது பிரிந்திருந்த நண்பர்கள் பழைய வீட்டில் சந்தித்துக்கொள்வது போன்ற அழகு. அதே அமர்வுகளில்தான் பிரெஞ்சு தேசிய கீதத்தையும் ஸ்விங் தாளத்தில் வாசித்திருக்கிறார்கள். இருவரும் அப்போது எப்படி இருந்தார்கள் என்பதை அந்தப் பதிவைவிட யாரும் நன்றாகச் சொல்ல முடியாது.

மூன்றாவது 'நுவாஜ்'க்குக் கடைசியில் வருகிறேன்.

அமெரிக்கா விஷயம். 1946 கடைசியில் போய் அமெரிக்க ஜாஸ் மேதை டியூக் எலிங்டனின் குழுவோடு வாசித்தார், நவம்பரில் நியூயார்க்கின் கார்னகி ஹாலில் இரண்டு இரவு வாசித்தார். தன் கிட்டாரைக்கூடக் கொண்டுபோகவில்லை, அங்கே கொடுத்த எலெக்ட்ரிக் கிட்டாரில் வாசிக்கவேண்டியிருந்தது. எதிர்பார்த்த வரவேற்பு கிடைக்காமல் திரும்பினார் என்பதெல்லாம் உண்மை. அங்கே பீபாப்பைப் பார்த்து மிரண்டார் என்பதை மட்டும் நான் நம்பவில்லை. அந்தத் தட்டுகள் கடல் தாண்டி பாரிஸுக்கே வந்துகொண்டிருந்தன, 1948-இல் பீபாப்பின் முன்னோடி டிஸ்ஸி கில்லெஸ்பியின் பெரிய குழு பாரிஸுக்கே வந்து வாசித்தது. அங்கிருந்த இளைஞர்கள் எல்லாருமே அந்த இசையைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார்கள். முப்பதுகளின் தொடக்கத்தில் அமெரிக்க டிரம்பெட் கலைஞர் லூயி ஆம்ஸ்ட்ராங்கின் தட்டைக் கேட்டு வாழ்க்கையையே திருப்பிக்கொண்ட மனிதர் இவர். நாற்பதுகளில் வந்த புதிய சத்தத்துக்கும் அதே காதைத்தான் கொடுத்தார். முதல் தடவை செய்ததை வேர் என்றும் இரண்டாம் தடவை செய்ததை வீழ்ச்சி என்றும் எப்படிச் சொல்வது?

எலெக்ட்ரிக் பற்றிக் கிட்டார்காரரான உங்களிடம் பேசுவது எளிது. மின்சாரம் இல்லாத அவருடைய செல்மர் கிட்டாரின் சத்தம் எப்படி? கூர்மையானது, கணீரென்று முன்னால் வரும், உடனே செத்துவிடும். ஒரு சுரத்தை அடித்தால் அது அரை மூச்சுகூட நிற்காது. அதை நீட்டவேண்டுமானால் ஒன்று விரலால் நடுக்கவேண்டும், அல்லது தந்தியை மீட்டுகிற பிளெக்ட்ரத்தால் திரும்பத் திரும்ப அடிக்கவேண்டும், அல்லது அடுத்த சுரத்துக்கு ஓடவேண்டும். முப்பதுகளில் நீங்கள் கேட்டு மயங்குகிற அந்த மழை பாதி அவருடைய கற்பனை, மீதி பாதி அந்த மரப்பெட்டி கேட்ட வேலை. அதே செல்மரில் தந்தியின் அதிர்வை மின்சாரமாக்குகிற ஒரு பிக்கப்பைப் பொருத்தி ஆம்ப்ளிஃபையருக்குக் கொண்டுபோனதும் சுரம் நிற்க ஆரம்பித்தது. சாக்ஸபோன்காரர் ஊதி நிறுத்துகிற மாதிரி நிறுத்தலாம், மூச்சுவிட்டு அடுத்த வாக்கியத்தைத் தொடங்கலாம், டிரம்ஸுக்கு மேலே கேட்கிறதா என்று கவலைப்படவேண்டியதில்லை. அவருக்கு இதுவரை இல்லாத ஒன்று கிடைத்தது, மௌனம். அதை எப்படிக் கையாள்வது என்று கற்றுக்கொள்ள அவருக்குச் சில வருடங்கள் ஆயின.

அந்தச் சில வருடங்கள் சீரற்றவைதான், அதை நான் மறைக்கமாட்டேன். 1947-இன் எலெக்ட்ரிக் பதிவுகள் சிலவற்றில் ஆம்ப்ளிஃபையர் கரகரக்கிறது, அந்த மழையையே புதிய சத்தத்திலும் பொழிந்து பார்க்கிறார், அது காதைக் குத்துகிறது. நீங்கள் அங்கிருந்துதான் ஓடிவந்திருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன். 1949-இல் ரோமில் கிராப்பெல்லியோடு செய்த பதிவுகள் நிறைய இருக்கின்றன, அறுபதுக்குமேல். பின்னால் இத்தாலியப் பியானோ, பாஸ், டிரம்ஸ். அந்தப் பின்னணி எனக்கு ரொம்ப இறுக்கமாகப் படுகிறது, பழைய கிட்டார்களின் அடி மனதில் ஓடிக்கொண்டே இருக்கிறது. ஆனால் அங்கே ஒரு 'மைனர் ஸ்விங்' இருக்கிறது. 1937-ஐயும் அதையும் அடுத்தடுத்துப் போடுங்கள். மூன்றே கார்ட் உள்ள சின்னப் பாட்டு. 1937-இல் அந்த மூன்று கார்டுக்குள் வீடு கட்டுகிறார், கடைசியில் யாரோ சந்தோஷத்தில் "ஓ யே" என்று கத்துவதும் பதிவாகியிருக்கிறது. 1949-இல் அதே கார்டுகளின் விளிம்பில் நடக்கிறார், வெளியே எட்டிப் பார்த்துவிட்டு வருகிறார். பக்கத்தில் கிராப்பெல்லி தெளிவாக, இனிமையாக, பழைய வீட்டிலேயே இருக்கிறார். இரண்டு நண்பர்கள் வேறு வேறு வழியில் போய்விட்டதை ஒரே பாட்டில் கேட்கமுடிகிறது. எனக்கு அந்தப் பாட்டு ஒவ்வொரு முறையும் வலிக்கும்.

இதற்கிடையே உங்கள் கடிதத்தில் வந்த ஒரு வார்த்தை. ஜிப்ஸி என்பது வெளியார் வைத்த பெயர், அவர்களில் பலருக்கு அது பிடிக்காது. ஜாங்கோவின் மக்கள் தங்களை மானுஷ் என்று சொல்லிக்கொள்வார்கள். ரோமானி மொழியில் அதற்கு மனிதன் என்று அர்த்தம். வட இந்தியாவிலிருந்து பல நூற்றாண்டுகளுக்கு முன் கிளம்பிப்போன மொழி அது. நாம் பேச்சில் மனுஷன் என்கிறோமே, அந்தச் சொல்லுக்கும் அதற்கும் மூலம் ஒன்றுதான். அவர் பெல்ஜியத்தில் ஒரு வண்டியில் 1910-இல் பிறந்தார். எழுதப் படிக்கச் சரியாகத் தெரியாது, இசைக்குறிப்பு எழுதத் தெரியாது, மெட்டைச் சொல்லச் சொல்ல இன்னொருவர் எழுதிக்கொள்வார். அந்த மனுஷனுக்கு 'வேர்' என்று ஒரு பாணியைக் குறித்துக்கொடுத்து, அதைத் தாண்டாதே என்று சொல்ல யாருக்கும் உரிமையில்லை. 'ஜிப்ஸி ஜாஸ்' என்று ஒரு தனி வகையாக நாம் இன்று பேசுவதுகூட அவர் இறந்தபின், அவரைப் பின்பற்றியவர்கள் முப்பதுகளின் சத்தத்தைக் காப்பாற்றி வைத்ததால் வந்தது. நல்ல காரியம்தான் செய்தார்கள், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அவர் அந்தப் பெட்டிக்குள் இருந்து வாசிக்கவில்லை. அதே மரபில் வந்த பிரேலி லாக்ரெனைப் பாருங்கள், 1966-இல் அல்சாஸில் பிறந்தவர், சிறுவனாகவே ஜாங்கோவை அச்சு அசலாக வாசித்தவர். வளர்ந்ததும் எலெக்ட்ரிக்கும், ஜாஸோடு ராக் கலந்த ஃப்யூஷனுமாக வருடக்கணக்கில் வெளியே போனார், 2000-க்குப் பிறகு தந்திக் குழுவோடு திரும்பிவந்து வாசித்தார். யாரும் அவர் வீழ்ந்ததாகச் சொல்லவில்லை.

இனி 1953. ஜாங்கோ 1951-இலேயே செய்ன் நதிக்கரையில் சமுவா என்ற சின்ன ஊருக்குப் போய்விட்டார். மீன் பிடிப்பார், பில்லியர்ட்ஸ் ஆடுவார், ஓவியம் தீட்டுவார், நடுநடுவே பாரிஸ் வந்து தன்னைவிடப் பல வயது சிறிய பையன்களோடு வாசிப்பார். ஜனவரியில் 'அனுமான்' என்று ஒரு பாட்டைப் பதிவு செய்தார். மெட்டை யூபேர் ஃபோலின் சாக்ஸபோனிடம் கொடுத்துவிட்டுத் தான் ஓரமாக நிற்கிறார். தனக்கென்று எடுத்துக்கொள்கிற இடம் கொஞ்சம்தான். 1937-இல் எல்லாரையும் முந்திக்கொண்டு பாய்ந்தவர்.

மார்ச் 10 அன்று பியானோ, பாஸ், டிரம்ஸோடு எட்டுப் பாட்டு. பியானோவில் மொரீஸ் வாந்தேர், பாஸில் பியேர் மிஷ்லோ, டிரம்ஸில் ழான்-லூயி வியால். அதில்தான் மூன்றாவது 'நுவாஜ்'. பன்னிரண்டு வருடம் முன்பு காத்திருந்தாரே, அந்தக் காத்திருப்பு இதில் முழுசாக விளைந்திருக்கிறது. சரிந்து இறங்குகிற அதே மெட்டுதான். இப்போது சுரம் நிற்கிறது, அதனால் அவர் ஓடவேண்டியதில்லை. ஒரு வாக்கியம் சொல்கிறார், நிறுத்துகிறார், பியானோவைப் பேசவிடுகிறார். திடீரென்று பழைய மழை இரண்டு நொடி வந்துபோகிறது, வேகம் அப்படியே இருக்கிறது, தேவைப்படுகிற இடத்தில் மட்டும் அதை எடுக்கிறார். ஒலிப்பதிவும் துல்லியம், பிளெக்ட்ரம் தந்தியைத் தொடுகிற சின்ன 'டிக்' கேட்கும். அதே அமர்வின் 'மனுவார் த மே ரேவ்' பாட்டையும் கேளுங்கள், அதையும் போர்க்காலத்தில் ஒருமுறை கிளாரினெட்டோடு பதிவு செய்திருக்கிறார்.

ஒரு மாதம் கழித்து ஏப்ரல் 8-இல் இன்னொரு அமர்வு. பியானோவில் இருபத்தைந்து வயது மார்த்தியால் சோலால், அவருக்கு அதுதான் முதல் பதிவு. பின்னாளில் ஐரோப்பாவின் பெரிய பியானோ கலைஞர்களில் ஒருவரானார். உலோகப் பட்டைகளைத் தட்டி வாசிக்கிற வைப்ரஃபோன் ஒன்றும் இருக்கிறது. அங்கே வாசித்த 'டெக்காஃபோனி' ஜாங்கோ புதிதாகச் செய்த மெட்டு. வழி முடிந்துபோன ஒருவர் செய்கிற மெட்டா அது என்று நீங்களே கேட்டுச் சொல்லுங்கள். 38 நாள் கழித்து, மே 16-இல், சமுவாவில் மூளையில் ரத்தக்கசிவு ஏற்பட்டு விழுந்தார், அன்றே இறந்துபோனார். வயது 43.

வரிசையாகக் கேட்பதைக் கொஞ்ச நாள் விட்டுவிடுங்கள். 1940 டிசம்பர் 'நுவாஜ்', உடனே 1953 'நுவாஜ்'. அப்புறம் இரண்டு 'மைனர் ஸ்விங்'. அப்புறம் 'அனுமான்', 'டெக்காஃபோனி'. 1947-ஐக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள், இதையெல்லாம் கேட்டபிறகு அந்தக் கரகரப்புக்குள் அவர் எதைத் தேடிக்கொண்டிருந்தார் என்று தெரியும். ஹெட்ஃபோனில் கேளுங்கள், அந்த உச்சிச் சுரத்தின் நடுக்கம் 1953-இல் எங்கெல்லாம் வருகிறது என்று எண்ணிவைத்து எனக்கு எழுதுங்கள். 'நுவாஜ்'இல் நான் ஒவ்வொரு தடவையும் ஒன்றைத் தவறவிடுகிறேன்.

அன்புடன்,
அக்கா